கல்லூரி விண்ணப்பத்தில் அரசியல் கருத்து: எழுதலாமா, கூடாதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி. தேர்தல்களை அறவே நிறுத்திவிட்டு, மக்கள் பிரதிநிதிகளைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் (Common App) இணைய விண்ணப்பத்தின் முதன்மைக் கட்டுரையை இதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். பள்ளி ஆலோசகர், அரசியல் பக்கமே போக வேண்டாம் என்கிறார். அப்பாவோ, உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சேர்த்து எழுதினால் அசந்துபோவார்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் ஆலோசகரின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. விண்ணப்பத்தைப் படிப்பவர் யார், அவருடைய அரசியல் என்ன, உங்களுடையதற்கு முன்னால் அன்று எத்தனை விண்ணப்பங்களைப் படித்து அவர் களைத்திருக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. கருக்கலைப்பு, துப்பாக்கி உரிமை போன்றவற்றில் முகம் தெரியாத ஒருவரிடம் ஒரு பக்கத்தை ஓங்கிப் பேசினால், அவர் எவ்வளவு நடுநிலையாளராக இருந்தாலும் மனத்தில் ஒரு சுருக்கம் விழத்தான் செய்யும். ஆனால் உங்கள் கருத்து இரண்டு பெரிய கட்சிகளில் எதனுடைய கொடியின் கீழும் வராது. அதைப் படித்து யாரும் கோபப்படப் போவதில்லை. எனக்குத் தெரியும் ஆபத்து வேறு: 650 சொற்கள்தான் உச்ச வரம்பு என்னும் ஒரு கட்டுரையில், ஏதென்ஸில் தொடங்கி அயர்லாந்து வரை குலுக்கல் முறையின் வரலாற்றைச் சொல்லி முடிக்கும்போது, எழுதியவர் யார் என்பதே தெரியாமல் போய்விடும்.

சேர்க்கை அலுவலர் உங்கள் கொள்கைக்கு வாக்களிக்க உட்கார்ந்திருக்கவில்லை. இந்த மாணவி எப்படிச் சிந்திக்கிறாள், மறுத்துப் பேசுபவரை எப்படி எதிர்கொள்கிறாள், விடுதி அறையிலும் வகுப்பறையிலும் இவளோடு நான்கு ஆண்டுகள் இருப்பது மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்பவற்றையே அவர் தேடுகிறார். காமன் ஆப் தரும் தலைப்புகளில் ஒன்று, ஒரு நம்பிக்கையையோ எண்ணத்தையோ நீங்கள் கேள்விக்குள்ளாக்கிய தருணத்தைப் பற்றியும், அதைத் தூண்டியது எது, விளைந்தது என்ன என்பதைப் பற்றியும் எழுதச் சொல்கிறது. ஹார்வர்ட் 2024–25 சேர்க்கைக்கான துணைக் கேள்விகளில் ஒன்றாக, ஒருவரோடு கடுமையாகக் கருத்து வேறுபட்ட அனுபவத்தை 150 சொற்களில் எழுதச் சொன்னது. அவருடன் எப்படிப் பேசினீர்கள், என்ன கற்றீர்கள் என்றும் கேட்டது. யார் பக்கம் நியாயம் என்று அந்தக் கேள்வியில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, 'இன்றைய தேர்தல் என்பது பணம் படைத்தவர்களின் விளையாட்டு' என்று தொடங்காதீர்கள். அதை யாரும் எழுதலாம். பள்ளி மாணவர் மன்றத் தேர்தலில் வென்றவருடைய சுவரொட்டி வழவழப்பான தாளில் பல வண்ணத்தில் அச்சாகியிருக்க, தோற்ற தோழியின் சுவரொட்டி நோட்டுப் புத்தகத் தாளில் கையால் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் உங்களுக்கு வந்தது என்றால், அங்கே தொடங்குங்கள். மன்றத்தின் ஒரே ஒரு குழுவுக்காவது குலுக்கலில் ஆள் எடுத்துப் பார்க்கலாம் என்று நீங்கள் கேட்டு, ஆசிரியர்கள் மறுத்திருந்தால், அந்த மறுப்பும் அதற்கு அவர்கள் சொன்ன காரணமும் கட்டுரைக்கு நல்ல பொருள். இப்படி எதுவுமே நடக்கவில்லை, இது படித்து மட்டும் வந்த கருத்து என்றால், முதன்மைக் கட்டுரைக்கு வேறு பொருளைத் தேடிக்கொண்டு, இதை ஒரு துணைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

இனி உங்கள் அப்பாவின் யோசனை. உத்திரமேரூரைச் சேர்க்கலாம், ஆனால் முழுவதுமாகச் சேர்க்க வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டின்படி, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் விலக்கி வைத்தார்கள். இந்த இரண்டையும் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம் என்ற பகுதியைத்தான் நம் பேச்சாளர்கள் விட்டுவிடுவார்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதப் பயிற்சியும் வேண்டும். அந்தக் குடத்தில் உங்கள் பெயர் எழுதிய ஓலை விழுந்திருக்காது. 'என் முன்னோர்கள் அன்றே செய்தார்கள்' என்ற பெருமிதத்தைவிட, குலுக்கல் நியாயமாக நடந்தாலும் குலுக்கலுக்கு முன்பே பலர் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்ற உண்மையை ஒப்புக்கொண்டு, உங்கள் திட்டத்தில் அதற்கு என்ன வழி என்று நீங்கள் யோசித்திருப்பதை நான்கு வரியில் காட்டினால், அது எந்தச் சேர்க்கை அலுவலரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை நீங்களே நேர்மையாக எடுத்துவைக்க முடியாத கருத்தை விண்ணப்பத்தில் வைக்காதீர்கள் என்பதே நான் விதிக்கும் ஒரே நிபந்தனை.

2017இல் ஸ்டான்ஃபோர்ட் விண்ணப்பத்தில், உங்களுக்கு முக்கியமானது எது, ஏன் என்ற கேள்விக்கு, 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' (கறுப்பின உயிர்களும் முக்கியம்) என்ற முழக்கத்தையே நூறு முறை எழுதி இடம் பெற்ற மாணவரைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். அவருடைய விண்ணப்பத்தின் மற்றப் பக்கங்களில் பல ஆண்டுப் பொதுப்பணி இருந்தது. முழக்கத்தை மட்டும் பார்த்து அதே வழியில் இறங்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் பழைமைவாதச் சிந்தனை உடையவன்; அரசின் நலத்திட்டங்களையே எதிர்ப்பவன். பெரிய கல்லூரிகள் எல்லாம் இடதுசாரிகளின் கோட்டை என்கிறார்கள். அவன் தன் கருத்தை மறைக்க வேண்டுமா? கருத்துக்காக ஒருவரை நிராகரிப்பது சட்டப்படி செல்லுமா? – ஒரு தந்தை, டெக்ஸஸ்.

பதில்: அரசுப் பல்கலைக்கழகங்களை பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துகிறது, தனியார் பல்கலைக்கழகங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் இந்த வேறுபாட்டை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். முழுமையான மதிப்பீடு என்ற பெயரில் பல கூறுகளை ஒன்றாக எடைபோடும் ஒரு முறையில், குறிப்பிட்ட ஒரு வரிக்காகத்தான் இடம் மறுக்கப்பட்டது என்று மெய்ப்பிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். மறைக்கச் சொல்ல மாட்டேன். கேட்காத இடத்தில் நுழைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். தன் கருத்தை அவன் எழுதினால், நலத்திட்டத்தால் வாழும் ஒரு குடும்பம் அதைப் படித்தாலும் தாங்கள் இழிவுபடுத்தப்பட்டதாக நினைக்காதபடி எழுத அவனுக்குத் தெரிய வேண்டும்.

கல்லூரிகளின் பட்டியலைப் போடும்போதே சற்றுத் தேடிப் பார்க்கவும் சொல்லுங்கள். சிகாகோ பல்கலைக்கழகம் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி ஒரு குழு அமைத்து, பிடிக்காத கருத்தையும் பேச விட வேண்டும் என்று 2015இல் வெளியிட்ட அறிக்கையைப் பல கல்லூரிகள் பின்னர் ஏற்றுக்கொண்டன. காகிதத்தில் உள்ளதெல்லாம் வளாகத்தில் நடக்கும் என்பதில்லை. ஆயினும் எந்தக் கல்லூரி எதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

கேள்வி: சென்னையில் படிக்கும் என் மகள், ஒரு இடதுசாரி மாணவர் அமைப்பில் இரண்டு ஆண்டுகளாகத் தீவிரமாக இருக்கிறாள். அமெரிக்காவில் இளங்கலை படிக்க விண்ணப்பிக்கப் போகிறாள். அதைக் குறிப்பிட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா? – ஒரு தாய், சென்னை.

பதில்: கல்லூரி வேறு, தூதரகம் வேறு. காமன் ஆப் விண்ணப்பத்தின் செயல்பாடுகள் பகுதியில் மொத்தம் பத்துப் பணிகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். அங்கே கொள்கையை விளக்க முடியாது, செய்ததைச் சொல்ல முடியும். 'சமத்துவத்துக்காகப் போராடினேன்' என்று எழுதுவதைவிட, விடுதிக் கட்டண உயர்வு குறித்து மாணவர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்து நிர்வாகத்திடம் மனுக் கொடுத்திருந்தால், அதை எழுதட்டும். அமைப்பின் பெயரை ஒளித்து வைப்பதும் வேண்டாம். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் அதைக் குறிப்பிட்டு, உங்கள் மகள் குறிப்பிடாமல் விட்டிருந்தால், அதுதான் உறுத்தும்.

விசாவில் கவனம் கூடுதலாக வேண்டும். விசாவுக்காக இணையத்தில் நிரப்பும் டிஎஸ்-160 படிவம், கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களை 2019 முதல் கேட்கிறது. 2025 ஜூனில், மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. விண்ணப்பத்தில் நிதானமாக எழுதிவிட்டு, சமூக ஊடகத்தில் வசை பொழிந்திருந்தால் பயனில்லை. கல்லூரிகளும் இதைப் பார்ப்பதுண்டு. 2017இல் ஒரு ஃபேஸ்புக் குழுவில் அருவருப்பான மீம்களைப் பகிர்ந்ததற்காக, சேர்க்கை பெற்ற குறைந்தது பத்துப் பேரின் இடத்தை ஹார்வர்ட் திரும்பப் பெற்றது.

பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்களைத் தடுக்கும் சட்டப் பிரிவு அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்கானது. அதற்கும் சில விலக்குகள் உண்டு. மாணவர் விசா குடியேற்ற விசா அன்று. ஆனால் படிப்பு முடிந்து அங்கேயே தங்க விரும்பினால் அந்தக் கேள்வி படிவத்தில் எழும். எனவே உங்கள் மகள் கட்சியின் உறுப்பினர் அட்டையே வைத்திருக்கிறாளா, மாணவர் அமைப்போடு மட்டும் நிற்கிறாளா என்பதை இப்போதே தெளிவுபடுத்திக்கொண்டு, அந்த ஒரு விஷயத்தை மட்டும் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.