கிர்ஷ்னரின் கை – கடிதம்

அன்புள்ள சார்,

முதல் உலகப் போருக்குப் போன ஓவியர்கள் பற்றிய கட்டுரையில், ஜெர்மன் ஓவியர் கிர்ஷ்னர் தன்னையே சிப்பாயாக வரைந்த படத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப் பார்த்தேன். படத்தில் அவருடைய வலது கை மணிக்கட்டோடு போயிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் வரைந்திருக்கிறார். எப்படி? இடது கையாலா?

அன்புள்ள நண்பருக்கு,

அவருடைய கை போகவே இல்லை. அவர் போர்முனைக்கே போகவில்லை. இதை அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1905இல் டிரெஸ்டனில் நண்பர்களோடு ‘பாலம்’ என்ற ஓவியர் குழுவைத் தொடங்கியது, அப்புறம் பெர்லின் தெருக்களை வரைந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர் வந்ததும், காலாட்படையில் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் தானாகவே பெயர் கொடுத்து, 1915இல் ஹாலே நகரத்தில் பீரங்கிப் படைப் பயிற்சியில் சேர்ந்தார். ‘விருப்பமில்லாத தன்னார்வலன்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். சில மாதங்கள்தான். உடம்பும் மனசும் நொறுங்கி அந்த வருடமே வெளியே வந்துவிட்டார்.

படம் அந்த வருடத்தில் வரைந்ததுதான். இன்னொரு முறை பாருங்கள். தோள்பட்டையில் 75 என்று படைப்பிரிவின் எண், வாயில் சிகரெட், மணியே இல்லாத கண்கள், பின்னால் ஒரு நிர்வாணப் பெண். அவளை வரைய வேண்டிய கைதான் வெட்டுப்பட்டு நிற்கிறது. சீருடையைப் போட்டதுமே ‘இனி என்னால் வரைய முடியாது’ என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. போர்முனையில் இருந்துவிட்டு வந்த ஓட்டோ டிக்ஸின் படங்களைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

பயந்தது பாதி நடக்கவும் செய்தது. சானடோரியங்களில், அதாவது நாள்பட்ட நோயாளிகள் தங்கித் தேறும் மருத்துவ விடுதிகளில், இருந்த நாட்களில் கைகள் மரத்து, சரியாக இயங்காமல் போயின. மார்ஃபின் பழக்கம் வேறு. 1917இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்குப் போய், மெல்ல மெல்லத் தேறி, மலைகளையும் மேய்ப்பர்களையும் வரைய ஆரம்பித்தார்.

1937இல் நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 639 படைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த இதே படத்தை, மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் ‘சிப்பாயும் வேசியும்’ என்று பெயர் மாற்றி மாட்டினார்கள். மறுவருடம் மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியது. டாவோஸிலிருந்து அந்த எல்லை தூரமில்லை. அவர்கள் இங்கேயும் வந்துவிடுவார்கள் என்று நினைத்து, தான் செதுக்கிய அச்சுக்கட்டைகள் பலவற்றைத் தானே அழித்தார். ஜூன் 15ஆம் தேதி தன்னைச் சுட்டுக்கொண்டார்.