டிக் டிக் சத்தமும் உடைந்துகொண்டே இருக்கும் போல்ட்டும்

வண்டி கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் சார். எட்டு வருடப் பழைய வி-8 பிக்கப் வைத்திருக்கிறேன், 1,30,000 மைல் ஓடிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்று சத்தம் வருகிறது, பத்து நிமிடம் ஓட்டினால் அடங்கிவிடுகிறது. போன வருடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) கடைசி போல்ட் உடைந்திருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது அதே இடத்தில் மறுபடியும் உடைந்திருக்கிறது. "இந்த எஞ்சினுக்கு இது வழக்கம்தான்" என்கிறார் மெக்கானிக். இன்னும் கெட்டியான போல்ட் போட்டால் நிற்குமா? வார இறுதிகளில் படகு இழுப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: எந்தக் கம்பெனி வண்டி என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, அமெரிக்க வி-8 பிக்கப்புகளில் இது மூன்று பெரிய கம்பெனிகளுக்கும் பொதுவான நோய். டாட்ஜ்/ராமின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினிலும் செவர்லேயின் 5.3 லிட்டரிலும் பின்கோடி போல்ட் உடைவது பட்டறைகளில் தினக்கதை. ஃபோர்டின் 5.4 ட்ரைட்டனில் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி), அது துருப்பிடித்து ஒடியும். மெக்கானிக் "வழக்கம்தான்" என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் வழக்கம் என்று தெரிந்தும் போன வருடம் ஒரே ஒரு போல்ட்டை மட்டும் மாற்றி அனுப்பினாரே, அதுதான் தப்பு.

கெட்டுப்போனது போல்ட் இல்லை, மேனிஃபோல்டு. எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆனால் இங்கே சூடு ஒன்றாக இல்லை என்பதுதான் விஷயம். ஹெட்டைத் தண்ணீர் சுற்றிவந்து 100 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வைத்திருக்கும், மேனிஃபோல்டுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அரை மீட்டர் நீளம், ஹெட்டோடு ஒட்டும் பிடிப்புப் பட்டையில் 400 டிகிரி என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் இரும்பு சுமார் 2 மில்லிமீட்டர் நீளும், கீழே இருக்கிற ஹெட் 1 மில்லிமீட்டர்கூட நீளாது. வித்தியாசத்தை இரண்டு கோடிகளுக்கும் பங்குபோட்டால் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடு போல்ட்டுக்கு இது தெரியவே தெரியாது, கோடியில் இருப்பதை மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் பக்கவாட்டில் தள்ளி இழுக்கும். கம்பியைக் கையில் வைத்து முன்னும் பின்னும் வளைத்து உடைப்போமே, அதே வேலைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. பின்கோடிக்குக் கூடுதல் தண்டனை, அங்கே எஞ்சின் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒட்டி நிற்பதால் காற்றோட்டம் குறைவு. நீங்கள் படகு வேறு இழுக்கிறீர்கள்.

இதோடு விட்டால் பரவாயில்லை. சூட்டில் விரியப் பார்க்கிற இரும்பைப் போல்ட்டுகள் பிடித்து அமுக்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள்ளேயே நசுங்கிக்கொள்கிறது, ஆறிய பிறகு பழைய நீளத்துக்கு வருவதில்லை. வருடக்கணக்கில் இப்படியே நடந்தால் மேனிஃபோல்டு குட்டையாகி, கோடியில் ஹெட்டை விட்டு நெளிந்து தூக்கிக்கொள்ளும். உங்கள் டிக் டிக் காலையில் மட்டும் கேட்பதன் ரகசியமும் இதுதான்: ஆறியபோது இருக்கிற இடுக்கு வழியே புகை கசிந்து டிக் டிக் என்கிறது, சூடேறி இரும்பு விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்கிறது. சத்தம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவோம், அந்த நேரத்தில்தான் போல்ட் அடி வாங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே கெட்டியான போல்ட்டால் பிரயோஜனம் இல்லை. நெளிந்த மேனிஃபோல்டை அது இன்னும் முரட்டுத்தனமாகப் பிடிக்கும், கடைசியில் போல்ட்டுக்குப் பதில் மேனிஃபோல்டு விரிசல் விடலாம், அல்லது அலுமினிய ஹெட்டில் மரை பிய்த்துக்கொண்டு வரலாம். துரு பிடிக்காதே என்று கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போடுகிறவர்களும் உண்டு, அது வேண்டாம், பலமும் குறைவு, சூட்டில் விரிவதும் அதிகம்.

இந்தத் தடவை பட்டறையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மேனிஃபோல்டைக் கழற்றிச் சட்டம் வைத்துப் பார்த்தீர்களா?" நேரான இரும்புச் சட்டத்தை முகத்தில் வைத்து ஃபீலர் கேஜை (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) அடியில் விட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கண்ணாலேயே பார்க்கலாம், கசிந்த புகைத் துளையின் விளிம்பிலிருந்து கரி ஒரு வால்போல வெளியே இழுத்திருக்கும். கோடித் துளை ஹெட்டின் துளைக்கு நேரே நிற்காமல் ஓரமாகத் தெரிந்தால் மேனிஃபோல்டு குட்டையாகிவிட்டது என்று அர்த்தம், அதில் புதுப் போல்ட்டை விட்டால் முதல் நாளே சாய்வாக உட்காரும். கொஞ்சம் நெளிவுதான் என்றால் மெஷின் ஷாப்பில் முகத்தைச் சமமாகச் சீவி, கோடித் துளைகளை நீளவாக்கில் ஒரு மயிரிழை பெரிதாக்கி மாட்டலாம், நகர இடம் இருந்தால் போல்ட்டை இழுக்காது. ரொம்ப நெளிந்திருந்தால் புதிதுதான்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டும் புதிது, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் (கசியாமல் நடுவில் வைக்கும் தகடு), நடுவிலிருந்து கோடிக்குப் போகிற வரிசை. செவர்லே 5.3 பலவற்றில் கம்பெனி சொல்வது முதல் சுற்றில் 11, இரண்டாம் சுற்றில் 18 பவுண்டு-அடி, அவ்வளவுதான். ஓரடி நீள ரெஞ்சின் நுனியில் எட்டுக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் "நல்லா டைட் வெச்சிட்டேன் சார்" என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதில் விளையாட்டு வேண்டாம். கசிகிற இடம் ஃபயர்வாலுக்குப் பக்கத்தில், வண்டிக்குள் காற்று இழுக்கிற வழி முன் கண்ணாடியின் அடியில். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. சரிசெய்கிற வரை கராஜுக்குள் ஸ்டார்ட் செய்து சூடேற்றுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: மிச்சிகனில் பனிக்கு ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். என் வண்டியில் போல்ட் தலை போய், உடல் ஹெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. நானே ஈஸி-அவுட் (உடைந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் கருவி) வாங்கி எடுத்துப் பார்க்கலாமா?
– வாசகர், டெட்ராய்ட் பக்கம்

பதில்: வேண்டாம். துரு பிடித்து இறுகிய 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குள் ஈஸி-அவுட் பட்டென்று உடையும், அது கடினமான எஃகு, அப்புறம் ட்ரில் அதைத் தொடவே தொடாது. பத்து நிமிட வேலைக்கு ஹெட்டையே இறக்க வேண்டி வரும். என் பட்டறை நாட்களில் இப்படி ஒன்றை உடைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

வெல்டிங்தான் சரியான வழி. உடைந்த முனையில் வாஷர் வைத்து, அதன்மேல் நட் வைத்து, நட்டின் ஓட்டை வழியாக மிக் வெல்டு அடித்துப் போல்ட்டோடு ஒட்டவைப்பார்கள். எஃகு வெல்டு அலுமினியத்தோடு சேராது, அதுதான் நமக்கு வசதி, போல்ட் உள்ளே அமுங்கி உடைந்திருந்தால்கூட முனையின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டை ஏற்றி மேலே கொண்டுவந்துவிடலாம். வெல்டின் சூடு துருவின் பிடியை விட்டுவிட வைக்கும். சிவப்பு மறையும்வரை விட்டுவிட்டு, ரெஞ்சால் அரை இழை இடது, அரை இழை வலது என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும், ஒரே இழுப்பாக இழுத்தால் வெல்டு பிய்யும். முதல் நட் பிய்ந்துவிட்டால் இன்னொன்று வைப்பது சகஜம், நாலைந்து நட்டுகூட ஆகும். மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச்சுருள்) போட்டுக்கொள்ளலாம்.

உங்களுடையது செவர்லே அல்லது ஜிஎம்சி, உடைந்தது ஹெட்டின் கோடி போல்ட் என்றால், அதை எடுக்காமலே ஹெட்டின் முனையில் சும்மா இருக்கும் மரைத் துளையில் திருகி மேனிஃபோல்டை அழுத்திப் பிடிக்கிற கிளாம்ப் கிடைக்கிறது. வைத்தியம் இல்லை, ஒட்டுதான். ஆனாலும் பழைய வண்டிக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: நாமக்கல்லில் டர்போ டீசல் லோடு வண்டி ஓட்டுகிறேன். அந்த டிக் டிக் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் இழுவை குறைந்து கரும்புகை வருகிறது, மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரம் கரி படிந்திருக்கிறது. இதுவும் அதே கதையா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அதே கதைதான், உங்களுக்கு நஷ்டம் அதிகம். டர்போவைச் சுற்றிவிட வேண்டிய புகை வழியிலேயே வெளியே போகிறது, காற்று அழுத்தம் இறங்குகிறது, ஊற்றிய டீசல் முழுதாக எரியாமல் கரியாக வருகிறது. லோடு ஏற்றி மேடு ஏறும்போது உஸ் என்று சீறல் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் டர்போவின் கனத்தைத் தாங்க ஒரு பிராக்கெட் இருக்கிறதா என்று உங்கள் வண்டியில் பாருங்கள், முன்பு யாராவது வேலை பார்த்திருந்தால் அதைத் திரும்ப மாட்டாமல் ஓரத்தில் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அது இல்லாமல் டர்போ மேனிஃபோல்டில் ஆடிக்கொண்டு தொங்கினால் எத்தனை போல்ட் மாற்றினாலும் உடையும்.