கும்பகோணத்திலிருந்து கிளம்புகிறேன். திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் ஏறக்குறைய 295 கிலோமீட்டர்தான். சாலையில் போனால் 330 வரும். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகப் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க முறைக்காகக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்போலத்தான். காபி குடித்து முடிப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிடுவார்கள்!

ஆனால் நீங்கள் கிளம்புவது கும்பகோணத்திலிருந்து என்கிறீர்கள். அங்கேதான் கணக்கு மாறுகிறது. தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையம் வரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் செக்-இன், சோதனை என்று இன்னொரு ஒன்றரை மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. விமான நேரத்தையும் சேர்த்துக் கூட்டினால் ஐந்து மணி நேரம். ராத்திரி ரயிலில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் தாம்பரம். நானாக இருந்தால் ரயில்தான்.