கார் பெயின்ட்டில் சுழல் கீறல்: டர்பனிலிருந்து கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் கார் பெயின்ட் பாலிஷ் வேலை பார்க்கிறேன். சுழல் கீறல், அதாவது ஸ்வர்ல் மார்க் பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அண்ணா, என்னுடையது கறுப்பு போலோ. நிழலில் பளபளவென்று இருக்கிறது. இரவில் பெட்ரோல் கராஜ் விளக்கடியில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை. ஹைவேயில் மணல் பட்டு வந்ததா?

பதில்: இல்லை தம்பி. ஓட்டி வந்த கீறல் இல்லை, துடைத்து வந்த கீறல். ரோட்டுக் கல் பட்டால் பெயின்ட் புள்ளியாகப் பெயரும், வலையாக விழாது. பானெட்டில் படிந்த தூசியைத் துணி இழுத்துக்கொண்டு போகும்போது விழுவதுதான் இது. உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி அமைந்தவை மட்டும் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகிறது. ஓர் அடி நகர்ந்து பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு, அதாவது கிளியர் கோட், பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பாலிஷ் போடுவது என்றால் கீறலை அடைப்பதல்ல. கீறலின் அடிமட்டம் வரை சுற்றிலும் உள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குவது. இறக்கியது திரும்பி வராது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: உலர்ந்த பெயின்ட்டில் உலர்ந்த துணி வைக்காதீர்கள்.

கேள்வி (டொங்காட்): கரும்பு எரிக்கிற சீசன் வந்துவிட்டது. விடிந்தால் என் வெள்ளை பக்கி (பிக்-அப் வண்டி) மேல் கரித்துகள். வேலைக்குப் போகும் அவசரத்தில் டஸ்டரால் தட்டிவிடுகிறேன். பரவாயில்லையா?

பதில்: வேண்டாம். வட கரையில் நான் பார்க்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் இதனால்தான் கெடுகின்றன. கரும்புத் தோகைச் சாம்பலில் சிலிக்கா உண்டு. தட்டும்போது துகள் நொறுங்கிக் கரியாக ஈஷும், சிலிக்கா கீறும். ஹோஸைத் திறந்து கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் விடுங்கள், கை படவே வேண்டாம். தண்ணீருக்கு நேரமில்லையென்றால் அப்படியே ஓட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் அழுக்கோடு ஓடினால் வண்டிக்குப் பெரிய கேடில்லை.

கேள்வி (பீனிக்ஸ்): நானே பாலிஷ் போடலாமா? தெரிந்த பேனல்பீட்டர் (கார் பாடி ஒடுக்கெடுப்பவர்) தன் பெரிய பாலிஷ் மெஷினைத் தருகிறேன் என்கிறார்.

பதில்: தாராளமாகப் போடலாம், ஆனால் அந்த மெஷின் வேண்டாம். அது ரோட்டரி. பாலிஷ் தேய்க்கும் பேட் ஒரே அச்சில் சுற்றும், சூடு ஒரே இடத்தில் ஏறும். பானெட் விளிம்பிலும் கதவின் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் மெல்லிசு. அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றால் கிளியர் கோட் போய்விடும். பழகாத கை ரோட்டரி பிடித்தால் வெயிலில் ஹோலோகிராம் கோடுகளும், அதாவது மெஷின் போன தடமும் தெரியும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்குங்கள். அதில் பேட் சுற்றிக்கொண்டே அலையும். அதிகம் அழுத்தினால் சுற்றுவது நின்றுவிடும், அதனால் பெயின்ட்டைச் சுடுவது கடினம்.

முதலில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். அது இருந்தால் கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி, போட வேண்டும். கிளே லேசாகக் கீறும், ஆகவே பாலிஷுக்கு முன்னால்தான் போட வேண்டும், பின்னால் அல்ல.

பானெட்டில் இரண்டடிச் சதுரத்துக்கு டேப் ஒட்டிச் சோதனை செய்யுங்கள். மிருதுவான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ், பட்டாணி அளவில் நாலு சொட்டு. நொடிக்கு ஓர் அங்குலம் என்று மெதுவாக நகர்த்துங்கள். ஒரு ஓட்டம் முந்தையதில் பாதியை மூட வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை போதும். அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துவிடும். இவ்வளவிலேயே கீறல் போய்விட்டால் அதோடு நிறுத்துங்கள். போகாவிட்டால் மட்டும் காம்பவுண்ட், அதாவது இன்னும் கூடுதலாகத் தேய்க்கும் பாலிஷ். நகம் மாட்டுகிற ஆழமான கீறலை அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய வண்டியில் பேட்டில் வண்டியின் நிறமே ஒட்டினால் பயப்படாதீர்கள். அதற்குக் கிளியர் கோட் கிடையாது.

கேள்வி (லெனேசியா): ஆகஸ்ட் காற்றில் சுரங்க மேட்டுத் தூசி வீட்டுக்குள்ளேயே வருகிறது. செராமிக் கோட்டிங் 9எச் என்கிறார்களே, போட்டால் கீறல் விழாதா?

பதில்: விழும். 9எச் என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு. தங்கச் சுரங்க மேட்டுத் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். செராமிக் போட்டால் அழுக்கு சீக்கிரம் கழன்று ஓடும், தேய்க்கும் வேலை குறையும். அந்த உதவிக்காகப் போடுங்கள். கீறலை எடுக்காமல் போட்டால் அதே கீறல் கோட்டிங்குக்கு அடியில் அப்படியே தெரியும்.

கேள்வி (மவுன்ட் எட்ஜ்கோம்ப்): புது வண்டிக்குக் கோயிலில் பூஜை. பானெட்டில் விபூதிப் பட்டை, குங்குமம், மாலை. பிறகு துடைத்தால் கீறல். என்ன செய்வது?

பதில்: பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள். கிளியர் கோட்டைவிடக் கண்ணாடி எவ்வளவோ கடினம். பெயின்ட்டில் வைத்துவிட்டால் அன்று மாலையே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள். மாலையைக் கட்டியபடி ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி அதிர்ந்து அதிர்ந்து நீளமாகக் கீறும்.

இதற்குப் பதில்கள் குவிந்துவிட்டன. ஐசிபிங்கோ ஐயா ஒருவர், பூஜைக் குங்குமத்தைக் கழுவுவது அபசாரம், தானாக உதிரட்டும் என்கிறார். டொங்காட் தம்பி, கழுவினால் என்ன, அபிஷேகமும் தண்ணீர்தானே என்று அவரை மறிக்கிறார். சாட்ஸ்வொர்த் அக்கா, அப்பாவின் பழைய ஃபோர்டு கார்ட்டினா காரில் வருஷம் முழுக்கப் பொட்டு இருந்தது, ஒன்றும் ஆகவில்லை என்கிறார்.

அக்கா, அந்தக் காலத்துப் பெயின்ட்டுக்கு மேலே கிளியர் கோட் கிடையாது. கீறினாலும் கட்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து விடுவார்கள், யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. ஐயா, நானும் தினம் விபூதி இடுகிறவன்தான். விபூதியும் சாம்பல், அதிலும் சிலிக்கா உண்டு. தானாக உதிரட்டும் என்று விட்டால் ஒரு மாதம் கழித்து கார் வாஷ் பையன் உலர்ந்த துணியால் ஒரே இழுப்பாக இழுப்பான். அதைவிட நாமே மரியாதையோடு தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீர் செடியடியில் போகும்படி செய்யலாம். மஞ்சள் கலந்த குங்குமம் வெள்ளைப் பெயின்ட்டில் கறையும் வைக்கும். கறை வெயிலில் மங்கும், கீறல் மங்காது. இதில் என் முடிவு மாறாது.

கேள்வி (கேப் டவுன்): 2018-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று இருந்தபோது வண்டியை ஈரத்துணியால் துடைத்தே பழகிவிட்டோம். தொடரலாமா?

பதில்: வெறும் ஈரத்துணி வேண்டாம். ரின்ஸ்லெஸ் வாஷ், அதாவது பிறகு தண்ணீர் விட்டு அலசத் தேவையில்லாத திரவம், ஒரு வாளியில் போதும். ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணியை அதில் ஊறவைத்து, ஒரு பக்கம் அழுக்கானதும் துணியைத் திருப்பிப் பிடியுங்கள். அழுக்குத் துணி மறுபடி வாளிக்குள் போகக் கூடாது. சேறு அப்பிய வண்டிக்கு இது ஆகாது.

கேள்வி (வெருலம், உம்லாஸ், ஸ்டேங்கர்): எந்தக் கம்பெனி பாலிஷ் நல்லது?

பதில்: மூன்று பேருக்கும் சேர்த்து: பீனிக்ஸ் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். பேட்டும் கையும் சரியாக இருந்தால் கம்பெனி பெரிய விஷயம் இல்லை.

கேள்வி (உம்லாஸ்): சரி, டஸ்டர் மெழுகு தடவியதாக இருந்தால்?

பதில்: அதுவும் டஸ்டர்தான். வேண்டாம்.

கேள்வி (பைன்டவுன்): பாத்திரம் கழுவும் சோப்பு? ஒரே வாளி போதாதா?

பதில்: அந்தச் சோப்பு மெழுகை உரித்துவிடும். பாலிஷுக்கு முன்னால் ஒரு தடவை என்றால் சரி, வாராவாரம் கூடாது. வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வண்டி கழுவும் கையுறையை அலசச் சுத்தத் தண்ணீர். அலசும் வாளியின் அடியில் கிரிட் கார்டு, அதாவது மண்ணை அடியிலேயே நிறுத்தும் வலைத்தட்டு, போடுங்கள். வேலை முடிந்ததும் அந்த வாளியைச் சாய்த்து அடியில் படிந்த மண்ணைப் பாருங்கள். ஒரே வாளியாக இருந்தால் அத்தனையும் பானெட்டுக்குத்தான் திரும்பிப் போயிருக்கும். கூரையில் தொடங்கி, கதவுகளின் கீழ்ப்பகுதியைக் கடைசியில் கழுவுங்கள். சக்கரத்துக்குத் தனிக் கையுறை.