கால் வந்துவிட்டது சரி, போனது ஏன்?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமம். எங்கள் ஆண் பூனைக்கு ஐந்து வயது. போன வாரம் விடியற்காலை கொல்லையில் ஒரே அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு பின்னங்கால்களையும் இழுத்துக்கொண்டு வருகிறது. மத்தியானத்துக்குள் தானாக எழுந்து நடந்துவிட்டது, இப்போது வழக்கம்போல மதில் ஏறுகிறது. எதிர்வீட்டு அண்ணன், "இது வாதம், காய்ச்சல் மாத்திரையில பாதி கொடு" என்றார். பயந்துபோய்க் கொடுக்கவில்லை. நன்றாக நடக்கிற பூனையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகணுமா? அதுவரை வெளியே விடலாமா?

பதில்: மாத்திரை கொடுக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது, நமக்குத் தலைவலி தீர்க்கிற ஒரே ஒரு மாத்திரை பூனையின் ரத்தத்தைக் கெடுத்து ஈறு பழுப்பாகி முகம் வீங்கி உயிரையே எடுத்துவிடும். அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அடுத்த முறையும் கேட்காதீர்கள்.

டாக்டரிடம் போகணும். நடக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம், இந்த வாரமே போங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அலறல், உடனே இரண்டு காலும் விழுவது, சில மணி நேரத்தில் திரும்புவது என்று நீங்கள் எழுதியிருக்கிற வரிசையைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தேகம் வருவது காலின் மேல் இல்லை, இதயத்தின் மேல். பூனைகளுக்கு இதயத் தசை தடித்துப்போகிற ஒரு நோய் உண்டு, ஆண் பூனைகளுக்குக் கொஞ்சம் அதிகம், வெளியே ஒன்றும் தெரியாது, சாப்பிடும், எலி பிடிக்கும், மதில் ஏறும். உள்ளே இதயத்தின் இடது மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி ஒருநாள் கிளம்பிப் பெரிய ரத்தக்குழாய் வழியாக இறங்கி, அது பின்னங்கால்களுக்காகக் கவட்டை போல இரண்டாகப் பிரிகிற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். கட்டி பெரிதாக இருந்தால் பூனை பிழைப்பதே கஷ்டம். சிறிதாக இருந்தால் கரைந்தோ, பக்கத்துக் குழாய்கள் வழியாக ரத்தம் பாய்ந்தோ கால் திரும்ப வந்துவிடும், ஆனால் கட்டியை உண்டாக்கிய இதயம் அப்படியேதான் இருக்கும்.

அன்றைக்குக் காலைத் தொட்டுப் பார்த்தீர்களா? ரத்தம் போகாத கால் சில்லென்று இருக்கும். முன்னங்கால் பாதத்து மெத்தை இளஞ்சிவப்பாக இருக்க, பின்னங்கால் மெத்தை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ தெரியும். கறுப்பு மெத்தை உள்ள பூனை என்றால் நகத்தின் அடியில் பார்க்கணும். கெண்டைச்சதை இறுகிப்போயிருக்கும், தொட்டால் கடிக்க வரும். நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இன்று ராத்திரி அது அசந்து தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள், 30-க்குள் இருந்தால் கவலையில்லை, திரும்பத் திரும்ப அதைத் தாண்டினாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இதயம் மட்டும்தான் காரணம் என்று எழுத்திலேயே முடிவு கட்ட முடியாது. நம் பக்கத்தில் வயலுக்கு மருந்தடிக்கிற சமயம் பூனை வரப்பில் திரிந்து வந்தால் விஷமேறித் தள்ளாடும், ஆனால் அப்போது எச்சில் வடியும், உடம்பு வெடவெடக்கும், கண்மணி சுருங்கும். கட்டுவிரியன் கடித்தாலும் கால் தளரும், வீக்கமோ பல் பட்ட தடமோ பெரிதாகத் தெரியாது, ஆனால் அது வைத்தியம் இல்லாமல் மத்தியானத்துக்குள் மதில் ஏறாது. வீட்டில் நாய் இருந்து அதற்கு உண்ணி மருந்து தடவினீர்களா என்றும் யோசியுங்கள், நாய்க்கான சில மருந்துகளில் இருக்கிற பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். மதிலிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம், அப்படியானால் வால் தொங்கும், சிறுநீர் போவதில் தகராறு வரும். தண்ணீரை மடக் மடக் என்று குடிக்கிற வயதான பூனை தலையைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டால் சிறுநீரகமும் பொட்டாசியமும் பார்க்கணும், உங்களுடையதற்கு அந்த வயசில்லை.

உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியிலேயே ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லலாம், ஆனால் அதில் ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, எக்கோ ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, போன் போட்டு, பூனைக்கு எக்கோ எடுக்கிறார்களா, எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். இதயம்தான் என்று தெரிந்தால் ரத்தம் கட்டாமலிருக்க க்ளோபிடோக்ரெல் கொடுப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் போடுகிற அதே மாத்திரைதான், அதற்காக நீங்களே உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அளவை டாக்டர்தான் சொல்லணும்.

டாக்டரிடம் போவதற்குள் திரும்பவும் அதேபோல் கால் விழுந்தால் காலைத் தேய்த்துவிடுவது, தைலம் போடுவது, வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். உணர்ச்சியில்லாத தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. பால் புகட்டவும் வேண்டாம். செல்போனில் சின்னதாக ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு, அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து அதில் வைத்து உடனே கிளம்புங்கள். வலியில் இருக்கிற பூனை வளர்த்தவரையே கடிக்கும், துண்டால் சுற்றித் தூக்குங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடணும்.

வெளியே விடுவது? டாக்டர் பார்க்கும்வரை வேண்டாம். மதிலின் உச்சியில் இருக்கும்போது கால் போனால் அடியும் சேர்ந்துகொள்ளும், கொல்லைப் பக்கம் எங்கேயாவது விழுந்து கிடந்தால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இரண்டு நாள் கத்தித் தீர்க்கும், கத்தட்டும்.