டார்க் மோட் ஏன் மறந்துபோகிறது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் தளத்தில் டார்க் மோட் பட்டன் வைத்தேன். அடுத்த பக்கம் போனால் மறுபடி வெள்ளை.

பதில்: எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அதான். அழுத்தியதும் தேர்வை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடம்) சேமியுங்கள், பக்கம் திறக்கும்போது படியுங்கள். அழுத்தாதவருக்கு எதையும் சேமிக்காதீர்கள்.

கேள்வி: சேமித்தாச்சு. ஆனால் ஒரு கணம் வெள்ளையாக மின்னி, அப்புறம்தான் கறுக்கிறது.

பதில்: இது நல்ல கேள்வி. உங்கள் ஸ்கிரிப்ட் பக்கத்தின் அடியில் இருக்கும். அது ஓடும்வரை பிரவுசர் சும்மா இருக்காது, வெள்ளையாகவே வரைந்துவிடும். தேர்வைப் படிக்கிற நாலு வரியை மட்டும் பிரித்தெடுத்து ஹெட் பகுதியில், நிறமும் தோற்றமும் சொல்லும் சிஎஸ்எஸ் இணைப்புக்கு முன்னால், நேரடியாக எழுதுங்கள். தனிக் கோப்பு வேண்டாம். 'கறுப்பு' என்ற அடையாளத்தை எச்டிஎம்எல் டேகில் போடுங்கள். பாடி அப்போது பிறந்தே இருக்காது. டிரை-கேட்ச் (பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் அமைப்பு) அவசியம்: குக்கீயை (தளம் பிரவுசரில் வைக்கும், சர்வருக்கும் திரும்பப் போகும் சிறு குறிப்பு) முழுக்கத் தடுத்தவரிடம் லோக்கல் ஸ்டோரேஜைத் தொட்டாலே பிழை வரலாம்.

கேள்வி: நான் பிஎச்பிக்காரன், பக்கத்தைச் சர்வரில்தான் உருவாக்குகிறேன். சர்வரே சரியான நிறத்தில் அனுப்பாதா?

பதில்: அனுப்பும், குக்கீயில் வைத்தால். லோக்கல் ஸ்டோரேஜ் சர்வரின் கண்ணுக்கே படாது. நடுவில் கேஷ் (பக்கத்தின் நகலை வைத்துப் பலருக்கும் தரும் கிடங்கு) இருந்தால் மட்டும் கவனம், ஒருவருடைய கறுப்புப் பக்கம் இன்னொருவருக்குப் போய்விடும்.

கேள்வி: போன் அமைப்பை பிரவுசரே சொல்கிறதே, பட்டன் எதற்கு? வீண் வேலை.

பதில்: 2019இலேயே சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றும் சொல்லத் தொடங்கிவிட்டன. ஆனால் போன் முழுக்கக் கறுப்பாக வைத்திருப்பவர் நீண்ட கட்டுரையை வெள்ளையில் படிக்க விரும்பலாம். ஆஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறை உள்ள சிலருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்து மங்கலாகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் பட்டனே போதும், போனைக் கேட்பானேன்?

பதில்: நீங்கள் எதிர்ப்பக்கம் போகிறீர்கள்! நிலை மூன்று: வெள்ளை, கறுப்பு, போன்படி. முதல் வருகையிலேயே போன் சொன்னதைச் சேமித்துவைக்கும் தளங்களைப் பார்த்திருக்கிறேன். பகலில் வந்தவர் இரவில் போனைக் கறுப்பாக்கினாலும் தளம் வெள்ளையிலேயே உறைந்து நிற்கும். அழுத்தாதவருக்குச் சேமிக்காதீர்கள் என்று அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: சஃபாரியில் மட்டும் கொஞ்ச நாளில் மறக்கிறதே?

பதில்: 2020 முதல் அப்படித்தான். சஃபாரியைப் பயன்படுத்தும் 7 நாட்களில் உங்கள் தளத்தைத் தொடவில்லை என்றால் ஸ்கிரிப்ட் சேமித்ததை அழித்துவிடும். சர்வர் வைக்கும் குக்கீ தப்பும். 

கேள்வி: ஐயா, பக்கம் மாறினால் டார்க் மோட் போய்விடுகிறது...

பதில்: முதல் கேள்வி.

கேள்வி: முதல் பதில்படி செய்தேன், டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டு வந்தால் மட்டும் மறக்கிறது.

பதில்: அது உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் பிரவுசருக்கு இரண்டு தளங்கள். ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள்.