முகாமில் முதல் நாளே கேளுங்கள்: இங்கே யாரெல்லாம் இன்சுலின் போடுகிறீர்கள்?

வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி பேரிடர் வந்தால் நிவாரண முகாமில் சர்க்கரை நோயாளிகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முகாம்களில் மருந்துப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். என்னைக் கேட்டால் முதல் வேலை, இன்சுலின் போடுகிறவர்கள் யார் யார் என்று வாய்விட்டுக் கேட்டுப் பெயரை எழுதிக்கொள்வதுதான்.

காயம்பட்டவர் கண்ணுக்குத் தெரிவார், காய்ச்சல்காரர் தானே வரிசைக்கு வந்துவிடுவார். சர்க்கரை நோயாளி வரமாட்டார். எல்லாரும் வீட்டை இழந்து நிற்கும்போது நான் போய் ஊசி மருந்து கேட்பதா என்று கூச்சப்பட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். டைப் 2 காரர் மாத்திரை ஓரிரு நாள் தவறினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். டைப் 1 அப்படியில்லை. உடம்பில் சொந்த இன்சுலின் இல்லாததால் ஊசி நின்ற ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று ஆரம்பித்து உயிரையே வாங்கிவிடும். முகாமில் அந்த வாந்தியைப் பார்க்கிறவர்களோ குடித்த தண்ணீர் சரியில்லை போல என்றுதான் நினைப்பார்கள். அதனால் வாந்தி எடுக்கும் குழந்தைக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

அப்புறம், கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, இன்சுலின் கெட்டிருக்கும் என்று புட்டியைத் தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேதனையாக இருக்கும். 2 முதல் 8 டிகிரி என்பது திறக்காத மருந்தை மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கான கணக்கு. பயன்பாட்டில் இருக்கும் புட்டி 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக 28 நாள் தாங்கும். கென்யாவின் டகஹலே அகதி முகாமில் நிலவும் வெப்பத்தை வைத்து, 25க்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் வைத்துச் சோதித்த ஆய்வு 2021இல் வெளிவந்தது; அதிலும் இன்சுலின் வீரியம் குறையவில்லை. உண்மையில் அதைக் கெடுப்பது நேர் வெயில் மாதிரி கடும் சூடும் உறைந்துபோவதும்தான். ஐஸ் பெட்டிக்குள் ஐஸை ஒட்டியே வைத்து உறைந்துபோனால் அந்தப் புட்டியைத் தொடவே கூடாது. மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு பானைக்குள் இன்னொரு பானை, நடுவில் ஈர மணல், இது போதும். சூட்டில் கிடந்த மருந்துதான் கையில் இருக்கிறது, வேறு கிடைக்கவில்லை என்றால் அதையே போட்டு, சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். டைப் 1 காரர் ஊசியே போடாமல் இருப்பது அதைவிட ஆபத்து.

எனக்கு அதிகம் பயம் தருவது நன்கொடைப் பெட்டிதான். இன்சுலின் புட்டி பெரும்பாலும் யூ-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்), யூ-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்) என்று இரண்டு அடர்த்தியில் வரும், சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் எடுத்தால் 20 யூனிட் என்று நினைத்துப் போடுவது 50 யூனிட் ஆகிவிடும், அதாவது இரண்டரை மடங்கு. ராத்திரியில் ஆளுக்குச் சர்க்கரை இறங்கி நினைவு தப்பினால் யாருக்கும் தெரியக்கூட தெரியாது. பெட்டியைப் பிரித்ததும் புட்டியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் அப்படித்தான், வேறு கம்பெனி மீட்டரில் வேலை செய்யாது.

சாப்பாட்டு விஷயத்தில் யாரையும் திட்டாதீர்கள். நிவாரணத்தில் வருவதே பிஸ்கட்டும் மாவுப் பண்டமும்தான், அவர் என்ன செய்வார்? சர்க்கரை கொஞ்சம் ஏறி இருப்பதைவிட, உணவு வண்டி வருவதற்குள் கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரையையோ சாப்பாட்டு நேர இன்சுலினையோ போட்டுவிட்டுத் தாழ்சர்க்கரையில் விழுவதுதான் உடனடி ஆபத்து. தட்டு கைக்கு வந்த பிறகு போடச் சொல்லுங்கள். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலினை மட்டும் டைப் 1 காரர் அடியோடு நிறுத்தக் கூடாது.

கால்களை மறக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஆணி குத்தினாலும் வலிக்காது, செருப்பில்லாமல் சேற்றுத் தண்ணீரில் நடந்தவருக்குப் புண் இருப்பதே நான்கு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். நான் இருந்த முகாம்களில் மாலையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெயர்ப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவர் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்ப்போம். செருப்பு மூட்டை வந்தால் முதல் ஜோடிகள் அவர்களுக்குத்தான்.